‘நல்ல ஏரியா’ யாருடைய வரைபடம்?

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் படிப்பை முடித்த ஒரு தலைமுறை சென்னையில் வந்து இறங்குகிறது. கையில் ஒரு பெட்டி, ஒரு தலையணை, வேலை உத்தரவின் நகல். முதல் வாரம் நண்பனின் அறையிலோ, திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ, ஏதாவது ஒரு மகளிர் விடுதியிலோ கழிகிறது. இரண்டாவது வாரம் வீடு தேடும் படலம் தொடங்குகிறது. இந்த நகரம் அவர்களிடம் நேருக்கு நேர் பேசத் தொடங்குவது அப்போதுதான்.

“தம்பிக்குச் சொந்த ஊர் எது?”

“விருதுநகர் பக்கம்ங்க.”

“டவுன்லயேவா?”

“இல்லங்க, பக்கத்துல கிராமம்.”

“ஊருக்குள்ளயேதான் வீடா? எந்தத் தெரு? குலதெய்வம் எது?”

சாதி என்ற சொல் இந்த உரையாடலில் ஓரிடத்தில்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பவர் நாகரிகமானவர். மோர் கொடுத்து உட்கார வைத்துத்தான் கேட்கிறார். ஆனால் நான்கு கேள்விகளில் அவருக்குத் தேவையான விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் ஐந்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது: “நீங்க நான்வெஜ் சாப்பிடுவீங்களா?” அதற்குப் பிறகு, “வீட்ல கலந்துட்டுச் சொல்றேன் தம்பி.” மறுநாள் தரகரிடமிருந்து அழைப்பு வரும். வீடு வேறு யாருக்கோ போய்விட்டதாம். ‘டு-லெட்’ பலகை மட்டும் அடுத்த பத்து நாளும் அதே வாசலில் தொங்கும்.

கிராமத்தை விட்டு வெளியேறு, நகரத்துக்குப் போ என்பது சாதி ஒழிப்பு இயக்கம் நமக்குச் சொல்லித் தந்த பாடம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிய புனிதப் பிம்பத்தை உடைத்துப் போட்டதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்தப் பாடத்தில் தவறில்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர் அண்ணா சாலையில் நடக்கலாம். டீக்கடையில் யாரும் தனிக் குவளை எடுத்து வைப்பதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று எவருக்கும் தெரியாது. இது பெரிய விடுதலை. இதைச் சிறுமைப்படுத்துபவர்கள் பெரும்பாலும் ஊரிலேயே நிலமும் மரியாதையும் உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆனால் நகரம் தரும் இந்த விடுதலை தெருவோடு நின்றுவிடுகிறது, வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ‘யார் என்று தெரியாது’ என்ற நிலையை நகரத்தின் பேருந்து ஏற்றுக்கொள்கிறது, டீக்கடை ஏற்றுக்கொள்கிறது. வீட்டு உரிமையாளர் ஏற்றுக்கொள்வதில்லை. அவருக்கு நம் ஆதார் அட்டை வேண்டும்.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதில் சாதி இல்லை, உண்மைதான். முகவரி இருக்கிறதே! ‘காலனித் தெரு’, ‘ஆதிதிராவிடர் குடியிருப்பு’, ‘அம்பேத்கர் நகர்’. தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் இந்தச் சொற்களை வாசிக்கத் தனியாகப் படிப்பு தேவையில்லை. ஊரையும் சேரியையும் பிரித்துக் கட்டிய சமூகம் அந்தப் பிரிவினையை முகவரியாக்கி நம் சட்டைப்பையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், ‘காலனி’ என்ற சொல் தீண்டாமையின் குறியீடாக ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்போம். பெயர்ப்பலகை மாறினாலும் ‘ஊருக்குள்ளயேதான் வீடா?’ என்று கேட்கத் தெரிந்தவருக்கு அது பெரிய தடையாக இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

வீடு கிடைக்காமல் அலைவது சாதாரண மனிதர்களின் பிரச்சினை, படித்து முன்னேறினால் தீர்ந்துவிடும் என்று எண்ணுபவர்கள் பரோடாவை நினைத்துக்கொள்ள வேண்டும். 1917இல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேரச் சென்றார். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்று, மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. அதைவிட நாம் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. அவர் உதவி கேட்ட இரண்டு நண்பர்களில் ஒருவர் இந்து, இன்னொருவர் இந்தியக் கிறித்தவர். முன்னவர், நீ என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். பின்னவர், மனைவியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். இரண்டு பேருமே ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற வகையினர். மறுப்பது எப்போதும் வீட்டில் இருக்கும் வேறு யாரோதான். மாமியார், பாட்டி, சமையற்காரம்மா, அபார்ட்மென்ட் சங்கம். நூறாண்டுக்கு மேலாகியும் வசனம்கூட மாறவில்லை. அம்பேத்கர் அன்று காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

அவரே ஒரு பார்சிப் பெயரைச் சொல்லித்தான் தங்க நேர்ந்தது என்பதால் இதையும் இங்கே பதிவு செய்கிறோம்: இன்று வீடு கிடைப்பதற்காகத் தெருவின் பெயரை மாற்றிச் சொல்லும், குலதெய்வத்தை மாற்றிச் சொல்லும் தலித் இளைஞரிடம் ‘ஏன் மறைத்தாய்’ என்று கேட்க எவருக்கும் யோக்கியதை இல்லை. அந்தப் பொய்யின் முழுப் பொறுப்பும் கேள்வி கேட்டவருடையது. பொய் சொல்லிக் குடியேறியவர் அதற்குப் பிறகு தரும் விலையைத்தான் நாம் பேச வேண்டும். ஊரிலிருந்து அம்மா வரும்போது என்ன பேசுவாரோ என்ற பதற்றம். சுவரில் அம்பேத்கர் படம் மாட்ட முடியாமை. ஏப்ரல் 14 அன்று நீலத் துண்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு தெருமுனை தாண்டியபின் எடுத்துப் போட்டுக்கொள்வது. பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில் இவையெல்லாம் எழுதப்படாத நிபந்தனைகள்.

‘இது ஆங்காங்கே நடப்பது, பொதுமைப்படுத்தாதீர்கள்’ என்று சொல்பவர்களுக்குத் தரவு இருக்கிறது. பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் 2012இல் தில்லித் தலைநகர வட்டாரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பெயர் மட்டும் வேறு. ஆதிக்கச் சாதிப் பெயரிலும், தலித் பெயரிலும், இசுலாமியப் பெயரிலும் வாடகைக்கு வீடு கேட்டார்கள். தொலைபேசியிலேயே தலித்துகளில் 18 விழுக்காட்டினருக்கும் இசுலாமியர்களில் 31 விழுக்காட்டினருக்கும் நேரடியாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆதிக்கச் சாதிப் பெயரில் கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட அப்படிச் சொல்லப்படவில்லை. தில்லி வேறு, சென்னை வேறு என்று தப்பிக்க முடியாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, சென்னை உட்பட இந்தியாவின் ஏழு பெருநகரங்களை ஆராய்ந்தவர்கள் வர்க்கத்தின்படி மக்கள் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியின்படி பிரிந்து வாழ்வது அதிகம் என்று கண்டார்கள். பணம் இருந்தால் எங்கு வேண்டுமானாலும் குடியேறலாம் என்ற நகரத்துக் கதை எண்களின் முன்னால் நிற்கவில்லை.

‘வெஜ் ஒன்லி’ விவகாரத்துக்கு வருவோம். மரக்கறி மட்டும் உண்பது ஒருவரின் சொந்த விருப்பம், அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் 2014இன் அரசு மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். அந்த மாநிலத்தின் தலைநகரில் வாடகை விளம்பரத்தில் அந்த இரண்டு சொற்கள் எதற்காக நிற்கின்றன? கருவாட்டு வாசனைக்காக மட்டுமா? அவை ஒரு வடிகட்டி. இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் சேரிப் பக்கம் எட்டிப் பார்க்காத இடைநிலைச் சாதிப் பையனும் சென்னைக்கு வந்து இதே வடிகட்டியில் மாட்டிக்கொள்கிறான். மூன்று வீட்டில் மறுக்கப்பட்டதும் ‘பார்ப்பனர்களுக்கு என்ன திமிர்’ என்று கொதிக்கிறான். நியாயமான கொதிப்புதான். நான்காவது வீட்டில் ‘நம்ம ஆளுங்களா?’ என்ற கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளும்போது அந்தக் கொதிப்பு எங்கே போகிறது என்பதுதான் நம் கேள்வி.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அடுத்த வாரமே, 1968 ஏப்ரலில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது வேலைவாய்ப்போடு வீட்டு வாடகையையும் அதில் சேர்த்தது. ஆக, சியாட்டிலில் ஒரு தமிழர் இன்னொரு தமிழருக்குச் சாதி பார்த்து வீடு மறுத்தால் குற்றம். சென்னையிலோ, வாடகையை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் முன்பணம் பற்றிப் பேசுகிறது, ஒப்பந்தத்தைப் பதிவது பற்றிப் பேசுகிறது. சாதியையோ மதத்தையோ காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. 2005இல் உச்சநீதிமன்றம், ஒரு சமூகத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் ‘வீட்ல கலந்துட்டுச் சொல்றேன்’ என்ற வாக்கியத்தை வைத்து எந்தக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிய முடியும்?

இங்கேதான் இளம் வழக்கறிஞர்கள் கையிலெடுக்க வேண்டிய ஒரு நூல் இருக்கிறது. அரசமைப்பின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகளில் சாதியின் பெயரால் தடுப்பதை விலக்குகிறது. அந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, 1948 நவம்பர் 29 அன்று, ‘கடை’ என்ற சொல்லைத் தான் விரிந்த பொருளில் பயன்படுத்துவதாகவும் சேவை வழங்க முன்வரும் எவரையும் அது உள்ளடக்கும் என்றும் அம்பேத்கர் விளக்கினார். 2011இல் தனியார் கல்லூரி தொடர்பான வழக்கொன்றில் உச்சநீதிமன்றமும் அந்த விரிந்த பொருளை ஏற்றது. அப்படியானால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கும் தரகர் கடை இல்லையா? ‘எந்தச் சமூகத்தாருக்கு முன்னுரிமை’ என்று பதிவு செய்ய இடம் கொடுக்கும் எந்த வாடகைத் தளமும் கடை இல்லையா? தனி ஒருவர் தன் மாடி வீட்டை யாருக்கு விடுகிறார் என்பதைக் கண்காணிப்பது கடினம். காசு வாங்கிக்கொண்டு சாதி பார்த்துக் கொடுக்கும் தொழிலைக் கண்காணிப்பது அவ்வளவு கடினமில்லை. வாடகைச் சட்டத்தில் ஒரு திருத்தம், தரகர்களுக்குக் கட்டாயப் பதிவு, விளம்பரத்தில் சாதி, மத, உணவு நிபந்தனைகளுக்குத் தடை: சமூகநீதி மாநிலம் என்று பெயர் வாங்கிய தமிழ்நாடு இதைக்கூடச் செய்யக் கூடாதா?

வீடு கிடைத்த பிறகு தொடங்குவது இரண்டாவது பாடம். அலுவலகத்தில் மூத்தவர்கள் அன்போடு சொல்லித் தருவார்கள். எது ‘நல்ல ஏரியா’, எது ‘ஒரு மாதிரியான ஏரியா’. மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு, அண்ணா நகர் முதல் வகை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, கண்ணகி நகர் இரண்டாவது வகை. ‘அந்தப் பக்கம் ராத்திரில போகாத.’ சொன்னவர் அந்தப் பக்கம் பகலில்கூடப் போயிருக்கமாட்டார். சினிமாவில் பார்த்திருப்பார். இருபது ஆண்டுகள் வடசென்னை என்றாலே அரிவாளும் கஞ்சாவும் என்று காட்டிய சினிமாவுக்கு நடுவில் 2014இல் ‘மெட்ராஸ்’ படம் வந்துதான், அங்கே கால்பந்து விளையாடுபவர்களும் புத்தகம் வாசிப்பவர்களும் காதலிப்பவர்களும் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது.

இந்த ‘நல்ல ஏரியா’ வரைபடம் ஒன்றும் இயற்கையாக முளைத்ததில்லை. இந்த நகரம் பிறந்தபோதே தெருக்கள் சாதிவாரியாகப் பங்கிடப்பட்டவைதான். வெள்ளையர் கோட்டைக்குள் வாழ்ந்தார்கள், வெளியே கறுப்பர் நகரம். அந்தக் கறுப்பர் நகரத்துக்குள்ளே வலங்கை, இடங்கைச் சாதிகளுக்கிடையே எந்தத் தெரு யாருக்கு என்று 1652இலும் 1707இலும் பெரும் மோதல்கள் நடந்தன. இரண்டாவது முறை, வலங்கையினருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையினருக்கு முத்தியால்பேட்டை என்று கும்பினி நிர்வாகமே பிரித்து வைத்தது. இன்று பாரிமுனையில் சரக்கு வண்டிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே நடக்கும்போது நாம் மிதிப்பது அந்த எல்லைக் கோடுகளைத்தான்.

எனவே புதிதாக வந்திருக்கும் தோழர்களுக்கு ஒரு யோசனை. யாரோ தந்த வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு 29சி பேருந்தில் ஏறுங்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை போகும் தடம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை. ஆண்கள் 1,000 ரூபாய் மாத அட்டை எடுத்தால் குளிர்சாதனமில்லாத மாநகரப் பேருந்துகளில் எங்கு வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பெரம்பூரில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பகுதியைச் சுற்றுங்கள். பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை இருந்த வட்டாரம் அது. 1918இல் இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான் உருவானது. மே நாள் கூட்டங்களில் இதைப் பெருமையாகச் சொல்வோம். 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றி அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியதும், தொழிலாளர் போராட்டம் சாதி மோதலாக மாறி, புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. சங்கம் அவர்களை உறுப்பினர்களாக எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டது, தோழர்களாகச் சேர்த்துக்கொண்டதா என்று எம்.சி. ராஜா போன்றவர்கள் அன்று எழுப்பிய ஐயத்துக்கு இடதுசாரிகளாகிய நாம் இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. புளியந்தோப்பு அங்கேயே இருக்கிறது, அதே கெட்ட பெயரோடு. மழை பெய்தால் முதலில் தண்ணீர் நிற்பதும் அங்கேதான்.

பேருந்து புரசைவாக்கத்தைத் தாண்டி ஜெமினிக்கு வரும்போது இறங்கி இராயப்பேட்டைப் பக்கம் நடக்கலாம். 1907 ஜூன் 19 அன்று பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியது இந்த இராயப்பேட்டையில். சாக்கிய பௌத்த சங்கம் இயங்கியதும் இங்கேதான். சுற்றுலாக் கையேடுகளில் இதற்கு இடமில்லை. மயிலாப்பூர் மாட வீதியின் காபிக்கு மூன்று பக்கம் ஒதுக்கும் நகர ஆர்வலர்கள், இந்தியாவின் முதன்மையான சாதி எதிர்ப்பு இதழ்களில் ஒன்று அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் அச்சானதைப் பற்றி ஒரு பத்தி எழுதமாட்டார்கள். மயிலாப்பூருக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லஸ்ஸில் இறங்கிக் குளத்தைச் சுற்றி வாருங்கள். அந்த வீதிகளின் அழகு எதன் மேல் கட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

கடைசி நிறுத்தம் பெசன்ட் நகர். கடற்கரைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் போகும் கூட்டம் கவனிக்காமல் கடந்து போகும் ஒரு பள்ளி அங்கே இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திய காலத்தில், 1894இல், கர்னல் ஆல்காட் அவர்களுக்காக இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். அந்த மரபில் இன்றும் நடப்பது ஆல்காட் நினைவுப் பள்ளி. பக்கத்திலேயே ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். கடலைப் பார்த்த அடுக்குமாடிக்குக் கோடிக் கணக்கில் கொடுப்பவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழும் மீனவர்களைக் காட்சிக்கு இடையூறாகப் பார்க்கும் பகுதி.

29சி போகாத இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள் அதன் பக்கத்திலேயேதான் குடியிருப்பார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர், அதைத் தாண்டிப் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, மாடி வீடு கட்டித் தருவது என்பது கொள்கை. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் அப்படிக் கட்டப்பட்டதுதான். 2000க்குப் பிறகு கொள்கை தலைகீழானது. கூவம், அடையாற்றங்கரைகளில் வாழ்ந்த மக்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்கள். 2021இல் வாரியத்தின் பெயர் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறியது. பெயர் மாறிய அடுத்த ஆண்டே, 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார்.

ஆற்றங்கரையில் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்படுபவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் தலித் மக்கள். அதே ஆற்றங்கரையில் நிற்கும் மருத்துவமனைகளும் நட்சத்திர விடுதிகளும் அப்படியேதான் நிற்கின்றன. கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி இருந்தது. நகரத்தில் ஊரே வளர்ந்து சேரியைச் சுற்றிக்கொண்டபோது, சேரியைத் தூக்கி மறுபடியும் ஊருக்கு வெளியே வைத்துவிட்டார்கள். இதைச் செய்தது எந்தக் கிராமத்துப் பண்ணையாரும் இல்லை. திராவிடக் கட்சிகளின் அரசுகள், உலக வங்கிக் கடன், நீதிமன்ற உத்தரவு, நதியை அழகுபடுத்தும் திட்டம். கண்ணகி நகர் முகவரியைப் பார்த்ததும் வேலை மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். அதே கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவி. அன்று மட்டும் தொலைக்காட்சிக் கேமராக்கள் அந்தத் தெருவுக்குள் வந்தன. அவர் முகவரி திடீரென்று எல்லோருக்கும் பெருமையானது.

இந்தப் பகுதிகளுக்குப் போகச் சொல்வது கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏழ்மையைப் படம் பிடிக்க அல்ல, தோழர்களே. அந்த வகைச் ‘சுற்றுலா’ நமக்கு ஒவ்வாது. அங்கே பிரியாணி சாப்பிடுங்கள், கால்பந்துப் போட்டி பாருங்கள், இரவுப் பாடசாலைக்கு ஆள் தேவையா என்று கேளுங்கள், கானா கேளுங்கள், நண்பர்களைச் சம்பாதியுங்கள். வாடகைக்கு அங்கேயே வீடு கிடைத்தால் குடியேறுங்கள். வாடகை குறைவு. குலதெய்வம் எது என்று கேட்கும் வாய்ப்பும் குறைவு.

‘நல்ல ஏரியா’வில் ஏற்கெனவே வீடு கிடைத்துவிட்டவர்கள், குறிப்பாகச் சாதி கேட்கப்பட்டபோது தயங்காமல் பதில் சொல்ல முடிந்தவர்கள், செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. சென்னையில் பாதி அறைகள் விளம்பரம் வழியாகக் கைமாறுவதில்லை. அலுவலக வாட்ஸப் குழுவில், கல்லூரிக் குழுவில், ஊர்ப் பையன்கள் குழுவில் கைமாறுகின்றன. ‘ரூம்மேட் தேவை, நம்ம பசங்களா இருந்தா நல்லது’ என்று அங்கே ஒரு வரி வரும். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ‘நம்ம பசங்கன்னா யாரு?’ என்று அந்தக் குழுவிலேயே, எல்லோரும் பார்க்க, கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். வீடு காட்ட வரும் தரகரிடம், ‘இந்த ஓனர் எல்லாருக்கும் விடுவாரா, இல்ல ஆள் பாத்துத்தானா?’ என்று முதலிலேயே விசாரியுங்கள். ஆள் பார்த்துத்தான் என்றால் வேறு வீடு காட்டச் சொல்லுங்கள். அறையைக் காலி செய்யும்போது உங்கள் இடத்துக்கு ஆள் கொண்டுவரும் பொறுப்பு பெரும்பாலும் உங்களிடமே விடப்படும். அப்போது மூன்று வீடுகளில் ‘கலந்துட்டுச் சொல்றேன்’ என்ற பதிலோடு திரும்பி வந்திருக்கும் ஒரு தோழரின் எண் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.